சுவர்ணமுகியில் யாரையும் தெரியாது

உக்காருங்க தம்பி, சும்மா உக்காருங்க. இங்க டேபிளைப் பங்கு போட்டுக்கிடுததுதான் வழக்கம். ஒரு டேபிளுக்கு ஒரு ஆளுன்னு இருந்தா முதலாளி ஷெட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துருவாரு. நீங்க போன்ல பேசினதைக் கேட்டுட்டேன், அதான் தமிழ்ல கூப்பிட்டேன். எந்த ஊரு? வள்ளியூரா! நான் கோவில்பட்டி. பேரு உலகநாதன். இங்க துறைமுகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். ஊரு பேரை மும்பைன்னு மாத்தி எவ்வளவோ காலமாச்சு, என் நாக்குதான் இன்னும் பம்பாய்லயே கிடக்கு.

வெளிய போர்டு பார்த்தியளா? நியூ சுவர்ணமுகி பார் அண்ட் ரெஸ்டாரண்ட். நியூன்னு இருக்கேன்னு நம்பி வந்திருப்பிய. நான் தலை நிறைய முடியோட வந்தப்பமே இந்த பார் பழசு. இதே சன்மைக்கா டேபிள், இதே கண்ணாடி, அந்த மூலையில பிள்ளையாருக்கு அதே சிவப்பு பல்பு. பாட்டு கிடையாது, டிவி கிடையாது. மனுசன் பேசினா மனுசனுக்குக் கேக்கும். முதல்ல அவிச்ச கடலை வரும், வெங்காயம் போட்டு. அதுக்குக் காசு கிடையாது, கேட்டுக் கேட்டுத் தின்னுங்க.

அந்தா, காதுல பென்சில் சொருகி நிக்கான் பாருங்க, அவன்தான் வாமன். மங்களூர்க்காரன். தமிழாளுகளுக்கு ஊத்தி ஊத்தியே தமிழ் படிச்சவன். என்னைப் பார்த்ததும் ஒரு சலாம் வச்சான், கவனிச்சியளா? நான் வாயே திறக்கல, ரம்மு வந்துட்டு, சோடா வந்துட்டு, ஐஸ் போடாம. அதுதான் மரியாதை. அந்த மரியாதையாலதான் தம்பி, என் குடும்பம் பிரிய இருந்துது.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? தை மாசமா? அப்பம் நான் சொல்லுததை நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்த பாருக்கு எவ்வளவு வேணா வாங்க. பெண்டாட்டியை மட்டும் கூட்டிட்டு வந்துராதிய.

எங்க வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. நான் ஒளிச்சு மறைச்சுக் குடிக்கவன் இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் சுவர்ணமுகி, ரெண்டு பெக்கு, ஒரு தட்டு மீனு, நேரத்தோட வீடு. எல்லாம் அவளுக்குச் சொல்லித்தான் செய்யுதேன். இன்னைக்குப் புதன்கிழமைல்லா, இன்னைக்கு வந்தது வேற கதை. காய் வாங்க இறங்கினேன், கதவு தானாப் பூட்டிக்கிட்டு, சாவி உள்ள. அவ பஜனைக்குப் போயிருக்கா. பில்டிங் பொம்பளைக நாலஞ்சு பேரு, புதன்கிழமை தவறாம பஜனை. மத்தியானச் சாப்பாடும் அங்கயே. போனை அடிச்சுப் பார்த்தேன், எடுக்கல. சாமி கும்பிடுத இடத்துல அமத்தி வச்சிருப்பா. சாவி உள்ள மாட்டிக்கிட்டு, வெளிய நிக்கேன்னு மெசேஜ் போட்டுட்டு இங்க வந்துட்டேன். வெயில்ல வேற எங்க போய் நிக்க?

மேல சிரிப்புச் சத்தம் கேக்குதா? அது ஃபேமிலி ரூம். கல்லாவுக்குப் பக்கத்துல படி போகுதுல்லா, அதுல ஏறினா திரை போட்ட ரூம்பு. பொம்பளையோட வந்தா அங்கதான் அனுப்புவாங்க. சனிக்கிழமை இவ்வளவு சத்தம் வராது. புதன்கிழமைக்குன்னு ஒரு கூட்டம் போல.

எங்க விட்டேன்? ஆங், மரியாதை. வீட்ல எனக்கு என்ன மரியாதைங்கிய? பேப்பரைக் கையில எடுத்தா, கூட்டணும், எந்திரிங்கம்பா. ஒரு யோசனை சொன்னா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கம்பா. மனுசன் எவ்வளவுதான் பொறுப்பான்? ஒரு நாள் வாயை விட்டுட்டேன். "வீட்லதான் நான் செல்லாக்காசு. சுவர்ணமுகில வந்து பாரு. நான் வாசல்ல கால் வச்சா நாலு பேரு எந்திரிக்கான். கேக்காமலே என் சாமான் டேபிளுக்கு வருது"ன்னேன்.

அவ வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. கத்தி நின்னுது. "எங்க? சுவர்ணமுகிலயா?"ன்னா. "பின்ன? இந்தச் சனிக்கிழமை நீயும் வா"ன்னேன். "சரி, வாரேன்"ன்னுட்டு என்னையே ஒரு மாதிரியாப் பார்த்தா. நம்பலன்னு அப்பமே தெரிஞ்சுது. வந்து பார்த்தா நம்பிட்டுப் போறான்னு நினைச்சேன்.

சனிக்கிழமை நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டேன், பவுடர் போட்டுக்கிட்டேன், என்னத்தைச் சொல்ல. வாசல்ல நுழைஞ்சேன். வாமன் நேரா என்னைப் பார்த்தான். நான் கையை ஓங்கித் தூக்கினேன். அவன் கண்ணு என் மேல பட்டு, அப்படியே வழுக்கி, பின்னால இருந்த காலண்டர்ல போய் நின்னுது.

"ஃபேமிலியா சார்? மேல போங்க."

"வாமன், நாந்தான்!"

"வெல்கம் சார். முதல் தடவையா?"

முதல் தடவையாம்! என் பொண்ணுக்குப் பிள்ளை பிறந்தப்பம் இவனுக்குத்தான் முதல்ல லட்டு குடுத்தேன். முதல் தடவையாங்கான்!

நான் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கேன், அவ பாட்டுக்குப் படி ஏறிட்டா. நானும் பின்னால ஓடினேன். அந்தப் படி திரும்புத இடத்துல உத்தரம் ஒண்ணு தாழ்வா இருக்கு தம்பி, புது ஆளுகளுக்குத் தெரியாது. நங்குன்னு மண்டையில வாங்கினேன். இத்தனை காலம் கீழேயே குடிச்சவனுக்கு மேல உத்தரம் இருக்கது எப்படித் தெரியும்? அவ என்னடான்னா நேக்காக் குனிஞ்சு போயிட்டா. பொம்பளைகளுக்கு எப்பமும் ஒரு முன்னெச்சரிக்கை உண்டு.

மேல உக்காந்தோம். வாமன் வந்து எனக்கு மெனு கார்டை நீட்டுதான். எனக்கு! இந்த பார்ல மெனு கார்டு உண்டுங்கதே அன்னைக்குத்தான் தெரியும். அவளுக்கு முன்னால ஒரு லைம் சோடா வச்சான், உப்பு போட்டது. வச்ச மாத்திரத்துல நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "சாரி மேடம், வேற டேபிளோடது"ன்னு எடுக்கப் போனான். "வந்தது வந்துட்டு, இருக்கட்டும்"ன்னு வாங்கிக் குடிச்சுட்டா. அவ குடிக்கதும் உப்பு போட்ட லைம் சோடாதான், பாருங்களேன். எனக்குக் கேக்காமலே வரணும், அவளுக்குத் தப்பாவாவது வருது. என் ராசி அப்படி.

ஏன் சிரிக்கிய? இன்னும் கதையே வரல.

நான் விடல. "வாமன், விளையாடாத. வீட்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான் இங்க வாரேனா, இல்லையா? சொல்லு"ன்னேன். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையைக் கட்டிக்கிட்டு, "சார் வேற பாரை நினைச்சுச் சொல்றாங்க போல மேடம். நான் பார்த்ததே இல்லை"ன்னான். கீழ போய் ஷெட்டியையே கூட்டிட்டு வந்தேன். ஷெட்டி பெரிய கும்பிடு போட்டு, "சார் எந்த ஊர்ல இருந்து வரீங்க?"ன்னு கேட்டாரு. நான் குடிச்ச ரம்முலதான் தம்பி அந்த மனுசன் ஊர்ல மாடி கட்டியிருக்காரு.

செண்பகவல்லி தட்டைத் தன் பக்கம் இழுத்தா. மீனை முள்ளு எடுத்து நிதானமாத் தின்னா. கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தா.

"நான் இதுக்கு முன்னாலயே கேட்டாச்சு. அன்னைக்கும் இதே பதில்தான்"ன்னா.

யாருகிட்ட கேட்டா, எப்பம் கேட்டா? திருப்பிக் கேக்க விட்டாளா? அடுத்த கேள்வி வந்துட்டே!

"சுவர்ணமுகிக்கு நீங்க வரல. அப்பம் இத்தனை வருசமா சனிக்கிழமை எங்க போறிய? யாரு வீட்டுக்குப் போறிய?"

தம்பி, ஒலகத்துல எத்தனையோ பேரு நான் குடிக்கலன்னு சத்தியம் பண்ணியிருப்பான். நான் ஒருத்தன்தான் குடிச்சேன் குடிச்சேன்னு பெண்டாட்டி காலைப் பிடிச்சவன். போட்டோ எடுத்துக் காட்டக் கூடாதான்னு நினைக்கிய. காட்டினேன். இதே டேபிள்ல, கிளாசும் கையுமா. "மாட்டிக்கிட்ட பொறவு எடுத்த போட்டோ"ன்னுட்டா. வாயை ஊதிக் காட்டினேன். "ரம்மு எவ வீட்லயும் கிடைக்கும்"னுட்டா. எங்க ஆபீஸ்ல டெலிபோன் பார்த்த ஃபிலோமினா பேரைக் கூட இழுத்துட்டா. அந்தம்மா ரிட்டயர் ஆகி கோவாவுல பன்னி வளர்க்கா, பாவம்.

மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துது. பொறவு ஒரு நாள் பார்க்கேன், பரண்ல கிடந்த பெட்டி கட்டில் மேல இருக்கு. அவ தம்பி கோவில்பட்டியில இருக்கான், அவன் வீட்டோட போறாளாம். ரெண்டு மாசமா, மூணு மாசமான்னு கேட்டேன். "நான் திரும்பி வாரேன்னு சொன்னேனா?"ன்னா. சத்தம் போடல தம்பி. சண்டைக்கு நின்னா நான் பயந்திருக்க மாட்டேன். சேலையை ஒவ்வொண்ணா மடிச்சு வைக்கா, முகத்துல ஒண்ணும் இல்ல. எனக்குச் சோறு பெருசில்ல, நானே பொங்கிக்கிடுவேன். ஆனா கூட்டணும், எந்திரிங்கன்னு சொல்ல ஆள் இல்லாத வீட்ல பேப்பரை எங்க வச்சுப் படிக்க? எனக்கு அழுகை வந்துட்டு. குளியல் ரூம்புல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

மறுநாளே இங்க வந்து வாமன் கையைப் பிடிச்சேன். "பாவி, ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவனுக்கு என் மேல வருத்தம். நல்லது செஞ்ச எனக்கு இதுவான்னு பார்க்கான். "சார், வீட்டு ஆளுங்களோட வந்தா கஸ்டமர் எங்களுக்குப் புதுசு. அதுதான் சுவர்ணமுகி. எனக்கு முன்னால இருந்தவங்க அப்படித்தான், எனக்கு அப்புறம் வர்றவங்களும் அப்படித்தான். ஒரு வெயிட்டர் ஒருத்தரைப் பார்த்து, நேத்து குடிச்சதேதானா சார்னு கேட்டுட்டான். கூட வந்திருந்தது அவர் மாமனார். அவ்வளவுதான், அவர் அப்புறம் இந்தத் தெருப்பக்கமே வரல"ங்கான்.

"நான் தெரியும்னு சொல்லத்தானேடா கூட்டிட்டு வந்தேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சார், பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது. வாய் ஒண்ணு சொல்லும், கண்ணு சொல்லாதேன்னு கெஞ்சும்."

"என் கண்ணு கெஞ்சிச்சா?"

"நல்லாக் கெஞ்சிச்சு சார்."

இவனை வச்சுக்கிட்டு என்ன செய்ய? வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லுன்னேன். முடியவே முடியாதுன்னான். பெட்டி கட்டில் மேல இருக்கு வாமன்னேன். அதைக் கேட்டதும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். அவன் சம்சாரம் ஊர்ல, இவன் இங்க, பெட்டியைக் கட்டி வைக்கதுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். "காலைல வரேன் சார், பார் திறக்குறதுக்கு முன்னாடி"ன்னான்.

வந்தான். வெள்ளைச் சட்டை, தலையில எண்ணெய், கையில ஒரு பாக்கெட்டு நேந்திரங்காய் வத்தல். கதவைத் திறந்தது அவ. நான் பின்னால நிக்கேன், இவர்தான் வாமன்னு சொல்ல வாயைத் திறக்கேன். அதுக்குள்ள அவன் ரெண்டடி பின்னால போயி, கையைக் கூப்பிக்கிட்டு, "நான் உங்களைப் பார்த்ததே இல்லம்மா"ன்னான்.

பழக்க தோசம்! அன்னைக்கு மேல ரூம்புல பார்த்தவளையே பார்த்ததில்லைங்கான். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அவளும் முகம் வெளுத்து, "நானும் உங்களைப் பார்த்ததில்ல. உள்ள வாங்க"ன்னா. வந்தவனை வெளிய நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்ல, என்ன இருந்தாலும் எங்க ஊர்க்காரி. காப்பி போட்டுக் குடுத்தா, சீனி இல்லாம. வாமன் சுகர்க்காரன், சீனி போடக் கூடாதுல்லா. அது உனக்கு எப்படித் தெரியும்னு பொறவு கேட்டேன். முகத்தைப் பார்த்தாத் தெரியாதான்னுட்டா. எனக்குத் தெரியலியே!

வாமன் காப்பியைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கான். எம் பக்கம் சாட்சியும் சொல்லணும், வழக்கத்தையும் விடக் கூடாது. கடைசில சொன்னான். "அம்மா, சுவர்ணமுகியில யாரு வந்தாலும் நாங்க பார்க்குறது இல்ல. வீட்ல இருந்து யாரு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவோம். ஆம்பளையானாலும் சரி, லேடீஸானாலும் சரி. அவங்க சொல்லித்தான்னு இல்ல, எங்க வழக்கமே அதான். அது உங்களுக்கே தெரியும்."

இவ அவனையே பார்த்தா. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்மா."

"முன்னால யாராவது வந்து, இவரு வாராரான்னு கேட்டிருந்தா?"

"இல்லைன்னுதான் சொல்லியிருப்போம். அப்படிக் கேட்டவங்களைப் பத்தி யாரு வந்து கேட்டாலும், அதுக்கும் இல்லைன்னுதான்."

பொறவு சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா, தரையில உக்காந்து சிரிக்கா, கண்ணுல தண்ணி கொட்டுது. அவ சிரிப்பு ஒரு தினுசு தம்பி. மேல ஏறி ஏறிப் போயி, முடியுத இடத்துல ஒரு விக்கல் வரும். நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல கேட்டது. நடுவுல எங்க போச்சோ தெரியாது. வாமனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு தோள் குலுங்கச் சிரிக்கான். இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

அன்னைக்குச் சாயங்காலம் பெட்டி பரணுக்கு ஏறிட்டு. அதுக்குப் பொறவு ஒரு கேள்வி கிடையாது. ஒரு யோக்கியனோட முகத்தை நேர்ல பார்த்தா நம்பிக்கை வரும்ங்கது இதுதான். முன்னெல்லாம் சனிக்கிழமை வாயில சோம்பு வாசனையோட போனா மூக்கைச் சுளிப்பா. இப்பம் ஒண்ணும் சொல்லுததில்ல. அவளே புதன்கிழமை சோம்பை மென்னுக்கிட்டுத்தான் வாரா, பஜனையில பிரசாதமாக் குடுக்காங்களாம். சோம்பும் கல்கண்டும். இதே மாதிரிதான், இங்க பில்லோட ஒரு தட்டுல வைப்பான்ல, அதே…

மேல மறுபடியும் சிரிக்காங்க பாருங்க. என்ன சிரிப்போ.

இருங்க தம்பி. ஒரு நிமிசம் பேசாதிய.

கடைசில ஒரு விக்கல் வந்துதா? உங்களுக்கும் கேட்டுதா?

வாமன்! இல்ல, ஒண்ணுமில்ல, நீ போ. பார்த்தியளா, என்னைப் பார்க்காம ஃபேனைப் பார்க்கான். அந்தப் படியில குனிஞ்சாளே. லைம் சோடாவை வச்சுட்டு நாக்கைக் கடிச்சானே. உங்களுக்கே தெரியும்னு சொன்னானே, பாவி, என் வீட்ல உக்காந்து, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு! நீங்க அப்பமே சிரிச்சிய, இல்லியா? எனக்குத்தான்… உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கன்னு அவ சொல்லுதது சரிதான் போல.

கோவம் வருதான்னு பார்க்கேன் தம்பி. வரணும்லா? வர மாட்டேங்குது. என்னைத் தேடி வந்திருக்கா. வாரது இல்லைன்னு இவனுக சொல்லியிருக்கானுக. அந்தச் சந்தேகத்தை மனசுல வச்சுக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்கா. நடுவுல இந்த மீனும் சோடாவும் பிடிச்சுப் போச்சு போல. பிடிக்கட்டுமே. இந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன், தலைக்கு மேல இருந்திருக்கு.

நாற்காலி இழுக்காங்க. இறங்கி வாராங்க. திரும்பாதிய தம்பி, தயவு பண்ணித் திரும்பாதிய. கடலையைத் தின்னுங்க. இந்தக் கண்ணாடியில தெரியுது, போதும். பச்சைச் சேலை. குனிஞ்சு வாரா பாருங்க, அந்த உத்தரத்துக்கு. என்னைப் பார்த்துட்டா. நின்னுட்டா. நான் எங்க பார்க்க? பிள்ளையாரைப் பார்க்கேன். ஆமா, பிள்ளையாரைத்தான் பார்க்கேன்.

போயிட்டாங்களா? எல்லாரும் போயிட்டாங்களா?

என்ன வாமன் இது? நான் பில்லே கேக்கலியே, சோம்பு கொண்டாந்திருக்க? சோம்புக்குள்ள என்ன அது… சாவி. எங்க வீட்டுச் சாவி. யாரு குடுத்தா?

கேட்டியளா தம்பி, தெரியாதுங்கான். அவன் பார்க்கவே இல்லையாம்.

என்ன கேட்டிய? பச்சைச் சேலையா? வாசல் வரைக்கும் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுப் போனாங்களே, யாரு அந்தம்மான்னா கேக்கிய?

எந்தம்மா? நான் பார்க்கலியே தம்பி.